டிரெய்லர் இழுக்க ஏர் பேக்கா, ரப்பர் ஸ்பிரிங்கா?

ஒன்டாரியோவில் எஃப்-150 (ஃபோர்டு பிக்அப் டிரக்) வைத்துக்கொண்டு கோடைக்கு டிராவல் டிரெய்லர் (தங்கும் வசதியுள்ள இழுவை வண்டி) இழுக்கும் எங்களைப் போன்றவர்களுக்குப் பொதுவான தொல்லை ஒன்று உண்டு. டிரெய்லரை மாட்டியதும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். 6,000 பவுண்டு டிரெய்லர் என்றால் ஹிட்ச் (டிரெய்லரை மாட்டும் கொக்கி) மேல் மட்டும் 600 முதல் 900 பவுண்டு வரை இறங்கும்.

இதைச் சரிசெய்யப் பின் ஸ்பிரிங்கில் கூடுதல் லீஃப் (எஃகுப் பட்டை) போட்டால் வெறும் வண்டியும் முரட்டுத்தனமாகக் குதிக்கும். அதை நான் பரிசீலிக்கவே இல்லை.

டிம்ப்ரன் நிறுவனத்தின் ரப்பர் ஸ்பிரிங் மாதிரியானது நல்ல பொருள். பம்ப் ஸ்டாப் (அச்சு சட்டத்தில் இடிக்காமல் தடுக்கும் ரப்பர் கட்டை) இருந்த இடத்தில் மாட்டிவிட்டால் காற்றும் வேண்டாம், குழாயும் வேண்டாம். ஆனால் அதன் விறைப்பை நாம் மாற்ற முடியாது. பாதி சுமைக்கும் முழுச் சுமைக்கும் தனித்தனியாகச் சரிசெய்ய வழியில்லை.

நான் போட்டது ஏர் பேக், அதாவது பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக நிற்கும் காற்றுப் பை. வாரநாளில் ஆளை மட்டும் ஏற்றிக்கொண்டு ஓடுகிற வண்டி, விடுமுறையில் டிரெய்லர் இழுக்கிறது. இரண்டுக்கும் ஒரே ஸ்பிரிங் பொருந்தாது. டிரெய்லரை மாட்டும் முன் பின்சக்கர வளைவின் உயரத்தை டேப்பால் அளந்துகொண்டு, மாட்டிய பிறகு அந்த உயரத்தை ஒட்டி வரும்வரை காற்றடிக்கிறேன். ஊர் திரும்பியதும் காற்றை இறக்கிவிடலாம்.

இறக்குவதிலும் ஓர் எல்லை உண்டு. ஏர் லிஃப்ட், ஃபயர்ஸ்டோன் நிறுவனங்களின் கிட்களில் பரவலாகச் சொல்லப்படும் அளவு 5 முதல் 100 பிஎஸ்ஐ. காற்றே இல்லாமல் ஓட்டினால் பை மடிப்புக்குள் நசுங்கிக் கிழியும். டயரைவிடப் பை மிகச் சிறியது என்பதால் ஊசிமுனைக் கசிவுகூட அழுத்தத்தைச் சீக்கிரம் இறக்கிவிடும்; குளிர்காலத்தில் தானாகவும் குறையும். ஆகவே வாராவாரம் கேஜ் வைத்துப் பார்க்க வேண்டும், இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் விட்டுக் குமிழி வருகிறதா என்று சோதிக்க வேண்டும், காற்றுக்குழாய் சைலன்சர் பக்கம் போகாமல் கட்ட வேண்டும். இரண்டு பைகளுக்கும் தனித்தனி வால்வு வைப்பது நல்லது. ஒரே குழாயில் இணைத்தால் வளைவில் காற்று ஒரு பையிலிருந்து மற்றதற்கு ஓடி, வண்டி இன்னும் சாயும். இந்தப் பராமரிப்புக்கு மனமில்லாதவர் தயங்காமல் ரப்பருக்கே போகலாம்.

எதைப் போட்டாலும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டியுள்ள பேலோடு அளவு (வண்டி சுமக்கக்கூடிய எடை) ஒரு பவுண்டுகூட அதிகமாகாது. ஏர் பேக் பின்பக்கத்தைத் தூக்குமே தவிர, முன்சக்கரத்திலிருந்து போன எடையைத் திருப்பித் தராது. ஸ்டியரிங் லேசாகி மிதப்பது போலிருந்தால் அதற்கு எடையை முன்சக்கரத்துக்கும் பகிர்ந்துதரும் வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச்தான் வேண்டும். ஃபிஃப்த் வீல் டிரெய்லரை (பிக்அப்பின் பின்தொட்டிக்குள் மாட்டும் வகை) நான் இழுத்ததில்லை. அந்தச் சுமைக்கு இதே தேர்வைச் சொல்ல எனக்கு அனுபவம் போதாது.