சித்திரை வெயிலில் ஸ்டாக்கிங்கா, தலையணையா?

இரண்டாவது பிள்ளை வயிற்றில், ஏழாம் மாதம். ரங்கூன் மொகல் தெருவில் எங்கள் கடை, நாள் முழுக்க நின்றே வியாபாரம். சாயங்காலம் லுங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தால் இடது கெண்டைக்காலில் நீலமாக மண்புழு போல நெளிந்து கிடக்கும். நரம்பு சுருண்டுவிட்டது என்கிறோம். உண்மையில் அது நரம்பே இல்லை, சிரை; ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். கர்ப்பத்தில் ரத்தம் 40 முதல் 50 சதவீதம் வரை கூடுகிறது. புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிரையின் சுவரைத் தளர்த்துகிறது. வளரும் கர்ப்பப்பையும் மேலே அழுத்துவதால் ரத்தம் காலிலேயே தேங்குகிறது.

டாக்டர் சொன்னது ஸ்டாக்கிங், அதாவது காலை இறுக்கிப் பிடிக்கும் நீளக் காலுறை. கணுக்காலையும் கெண்டைக்காலையும் அளந்துதான் வாங்க வேண்டும். காலையில் கால் வீங்கும் முன், கட்டிலில் இருந்தபடியே மாட்ட வேண்டும். குனிய முடியாத வயிறு. கணவர்தான் தலையணைக்கு உறை போடுவது போல இழுத்து இழுத்து ஏற்றுவார். பலன் உண்டு. காலின் கனம் பாதி குறைந்தது. ஆனால் புடைத்தது மறையவில்லை, புதிதாக வருவதையும் அது தடுப்பதில்லை. சித்திரையில் கரண்ட் போய் மின்விசிறி நின்றால் கால் அவிந்துவிடும்!

தலையணை வழிக்குக் காசு செலவில்லை. காலைத் தலையணைமேல் வைத்து நெஞ்சுக்கு மேலே உயர்த்தி 15 நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று தடவை. மல்லாந்து மட்டும் படுக்காதீர்கள். முதுகின் வலப்பக்கம் ஒரு சின்னத் தலையணை வைத்து இடப்பக்கம் சாய்ந்துகொள்ளுங்கள், வயிற்றுக்குள் ஓடும் பெரிய சிரை நசுங்காது. உடனே சுகம் தெரியும். என்ன, கடையில் ஒரு மணி நேரம் நின்றால் பழைய கதைதான்.

மாமியார் நல்லெண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார். பாதத்தில் மெல்லத் தடவச் சொன்னேன், முடிச்சில் கை வைக்க விடவில்லை. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கிச் சிவந்து சூடாக வலித்தால் சிரைக்குள் ரத்தம் உறைந்திருக்கலாம். மூச்சும் வாங்கினால் இன்னும் ஆபத்து. அப்போது எண்ணெயும் வேண்டாம், ஸ்டாக்கிங்கும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. லேசர், ஊசி பேச்செல்லாம் பிரசவத்துக்கு அப்புறம்தான். பலருக்குச் சில மாதங்களில் தானாகவே வடிந்துவிடும்.

என் கணக்கில், நிற்கும் நேரத்துக்கு ஸ்டாக்கிங், கரண்ட் போனதும் தலையணை. இரண்டுக்கும் நடுவே கல்லாவுக்குப் பின்னால் ஒரு முக்காலி போட்டுக்கொண்டேன். ஆள் வராத நேரம் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டுவேன். கெண்டைத் தசைதான் ரத்தத்தை மேலே தள்ளும் பம்பு. இதற்குக் கரண்டும் வேண்டாம், கணவரும் வேண்டாம்.