ஜெண்டர் டீகோடர்: முடிவை விடுங்கள், பட்டியலைப் பாருங்கள்

தொழில்நுட்ப வேலைகளுக்குப் பெண்கள் விண்ணப்பிப்பதே இல்லை என்று அலுத்துக்கொள்ளும் நிறுவனங்கள், முதலில் தங்கள் விளம்பரத்தை ஜெண்டர் டீகோடரில் போட்டுப் பார்க்க வேண்டும். கேட் மேட்ஃபீல்டு உருவாக்கிய இலவச இணையக் கருவி இது. ஆங்கில விளம்பரத்தை ஒட்டினால், சமூகம் ஆண்களோடு இணைத்துப் பார்க்கும் (ஆண்சாயல்) சொற்களையும் பெண்களோடு இணைத்துப் பார்க்கும் (பெண்சாயல்) சொற்களையும் பிரித்துக் காட்டி, மொத்தத்தில் எந்தப் பக்கம் சாய்கிறது என்றும் சொல்லும்.

டேனியல் கோஷே, ஜஸ்டின் ஃப்ரீசன், ஆரன் கே மூவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வுதான் இதற்கு அடிப்படை. ஆண்கள் மிகுந்த துறைகளின் விளம்பரங்களில் 'லீட்', 'காம்பெடிட்டிவ்', 'டாமினன்ட்' வகைச் சொற்கள் அதிகம் இருந்தன. அப்படி எழுதப்பட்ட வேலைகள் பெண்களை அவ்வளவாக ஈர்க்கவில்லை. காரணம் திறமை பற்றிய ஐயம் அல்ல. அந்த இடம் தங்களுக்கானதல்ல என்ற உணர்வு. ஒரு சொல்லை மாற்றுவதால் வேலையின் தரம் இறங்கிவிடும் என்று பயப்படுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

கருவி செய்வது எளிய எண்ணிக்கைதான். இரு பக்க எண்ணிக்கைக்கும் உள்ள வித்தியாசம் 3ஐத் தாண்டினால் 'வலுவான' சாய்வு, 1 முதல் 3 வரை 'லேசான' சாய்வு, சமமாக இருந்தால் 'நடுநிலை'. விளம்பரத்தின் நீளம் கணக்கில் வராது. ஆண்சாயல் சொல் 12, பெண்சாயல் சொல் 12 இருந்தாலும் நடுநிலைதான். பிழை நுழைவது இங்கேதான். 'சப்போர்ட்', 'ஷேர்', 'டுகெதர்' என்று நாலைந்து இடத்தில் தூவினால் முடிவு மாறிவிடும். பெண்களைத் தள்ளிய சொற்கள் அப்படியே நிற்கும். அது ஏமாற்று வேலை. சேர்ப்பதை விட நீக்குவதே பலன் தரும்.

இன்னொரு சிக்கல், சொல்லின் தொடக்க எழுத்துகளை மட்டும் பார்ப்பது. 'ரெஸ்பான்சிபிலிட்டீஸ்' என்ற வழக்கமான தலைப்பே பெண்சாயலாகிவிடும். மென்பொருளில் 'டிபென்டென்சி', நெட்வொர்க்கில் 'கனெக்டிவிட்டி', சிப் தயாரிப்பில் 'யீல்டு' எல்லாம் அதே கணக்கில் சேரும். மறுபுறம் 'டேட்டா அனலிஸ்ட்', 'டிசிஷன் ட்ரீ', நிரல்மொழியான 'அப்ஜெக்டிவ்-சி' எல்லாம் ஆண்சாயலாகும். வேலைக்கே உரிய சொற்களை யாரும் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது.

அதனால் இப்படிப் பயன்படுத்துங்கள். தலைப்புகளையும் நிறுவன அறிமுகத்தையும் விட்டுவிட்டு, பணி விவரத்தையும் தகுதிகளையும் மட்டும் ஒட்டுங்கள். வரும் பட்டியலில் துறைச் சொற்களை அடித்துவிடுங்கள். மிஞ்சும் ஆண்சாயல் சொல் ஒவ்வொன்றுக்கும், அது குறிக்கும் உண்மையான வேலை என்ன என்று கேளுங்கள். 'டாமினன்ட் டெக்னிக்கல் லீடர்' வேண்டும் என்பதற்குப் பதில், மூன்று பேர் எழுதும் நிரலை மதிப்பாய்வு செய்து வெளியீட்டுத் தேதியை முடிவு செய்பவர் வேண்டும் என்று எழுதலாம். படிப்பவருக்கு வேலையும் தெளிவாகப் புரியும். மாற்றிய பின் மறுபடி ஓட்டி, எண்ணிக்கை குறைந்ததா என்று மட்டும் பாருங்கள்.

மாற்றுச் சொல்லைக் கருவி பரிந்துரைக்காது. அந்த உழைப்பு எழுதுபவருடையதே. 'நிஞ்ஜா', 'ராக்ஸ்டார்' இரண்டும் அதன் பட்டியலில் இல்லை. விண்ணப்பதாரரை 'ஹீ' என்று ஆணாக மட்டும் குறித்திருந்தாலும் கண்டுகொள்ளாது. கட்டாயத் தகுதி பதினைந்து வரி நீள்வதும், இடைவெளி இல்லாத பணி அனுபவம் கேட்பதும் அதற்குத் தெரியாது. இவற்றைக் கண்ணால்தான் பிடிக்க வேண்டும்.

சம்பள வரியையும் அப்படியே. ஆண்ட்ரியாஸ் லைப்ரான்ட், ஜான் லிஸ்ட் இருவரும் 2015இல் வெளியிட்ட கள ஆய்வில், சம்பளம் பேசித் தீர்மானிக்கலாம் என்று விளம்பரம் சொல்லாதபோது ஆண்களே அதிகம் பேரம் பேசினார்கள். வெளிப்படையாகச் சொன்னபோது அந்த வேறுபாடு மறைந்தது. டீகோடர் நடுநிலை என்று சொன்னாலும், அந்த ஒரு வரியைச் சேர்க்காமல் விளம்பரத்தை வெளியிட வேண்டாம்.