கேஒய்பி எக்செல்-ஜி பின் ஷாக் அப்சார்பர்: குடும்ப எஸ்யூவிக்கு இதுவே போதும், சரியாக மாட்டினால்

எக்செல்-ஜி என்பது கேஒய்பி நிறுவனத்தின் இரட்டைக் குழாய் வகை ஷாக் அப்சார்பர் (சுருக்கமாக ஷாக்). உள்குழாயில் பிஸ்டன் ஓடுகிறது, வெளிக்குழாயில் மீதி ஆயிலும் குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜனும் இருக்கின்றன. வண்டி புதிதாக வந்தபோது இருந்த நடத்தையைத் திருப்பித் தருவதுதான் இதன் வேலை. பிள்ளைகளும் பெரியவர்களும் பின் சீட்டில் உட்காரும் வண்டிக்கு இதைத் தாராளமாகப் பரிந்துரைக்கலாம். சாலை இணைப்புகளிலும் சிறு பள்ளங்களிலும் அதிர்வை மென்மையாக வாங்கிக்கொள்கிறது. வேகத்தடை தாண்டியபின் பின்பக்கம் ஒருமுறை எழும்பி அடங்கிவிடுகிறது. குறையும் உண்டு. முழுப் பாரத்தோடு மோசமான சாலையில் நெடுநேரம் ஓடினால் ஆயில் சூடேறி நுரைக்கத் தொடங்கும், ஆட்டத்தை அடக்கும் பிடிப்பு தளரும்.

அதே நிறுவனத்தின் கேஸ்-எ-ஜஸ்ட் ஒற்றைக் குழாய் வகை. மிதக்கும் பிஸ்டன் ஒன்று ஆயிலையும் உயரழுத்த நைட்ரஜனையும் பிரித்து வைப்பதால் நுரைப்பு இல்லை. ஆயிலுக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவே ஒரே சுவர் என்பதால் சூடும் சீக்கிரம் இறங்கும். டிரெய்லர் இழுப்பவர்களுக்கும், எப்போதும் டிக்கி நிறையச் சுமை ஏற்றுபவர்களுக்கும் இது ஏற்றது. ஆனால் மெதுவாக ஓட்டும்போது விறைப்பு தெரியும். கல்லடித்துக் குழாய் நசுங்கினால் பிஸ்டன் சிக்கிக்கொள்ளும். முன் ஷாக்குகள் பழசாக இருக்கும்போது பின்னால் மட்டும் இதைப் போட்டு விறைப்பாக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எந்த வகை வாங்கினாலும் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங், ஷாக் அல்ல. பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்திருந்தால் ஸ்பிரிங்கைப் பாருங்கள். இதற்கு விதிவிலக்கு நிவோமேட் போன்ற, உயரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் ஷாக்குகள். அவை பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குகின்றன. அவற்றைக் கழற்றிவிட்டுச் சாதாரண ஷாக் போட்டால் வண்டி தாழ்ந்துவிடும்.

மாற்ற வேண்டிய நிலையா என்று அறிய, பின் மூலையை அழுத்திவிட்டுப் பார்க்கும் சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். பாதி தேய்ந்த ஷாக்கும் அதில் தேறிவிடும். ஷாக்கின் உடலில் ஆயில் வழிந்து தூசி சேறுபோல் அப்பியிருப்பது, டயர் பட்டன் அலையலையாகக் குழிந்து தேய்ந்திருப்பது, பாரம் ஏற்றியதும் பின்பக்கம் ஆடி அடிவாங்குவது ஆகியவையே உறுதியான அடையாளங்கள். தண்டைச் சுற்றி ஆயிலைத் தடுத்து வைக்கும் சீலுக்கு அருகில் மெல்லிய ஈரம் மட்டும் இருந்தால் அது கசிவு ஆகாது. ஒரு பக்கம் போனாலும் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

வாங்கும்போது மாடல் பெயர் ஒன்றே போதாது. இருசக்கர இயக்கம், நான்குசக்கர இயக்கம், மூன்றாம் வரிசை சீட் என்று ஒவ்வொன்றுக்கும் பாக எண் மாறலாம். பழையதைக் கழற்றும் முன்பே போல்ட் துளையின் விட்டத்தையும் அடிப் புஷ்ஷின் (அடிப் போல்ட் நுழையும் ரப்பர் வளையம்) அகலத்தையும் புதியதோடு ஒப்பிட்டுவிடுங்கள். பம்ப் ஸ்டாப்பும் (ஷாக் முழுதாக அமுங்கும்போது அடியைத் தாங்கும் ரப்பர்) தூசி உறையும் பெரும்பாலும் பெட்டியில் வராது. பழையவை பொடிந்திருந்தால் தனியாக வாங்கியாக வேண்டும்.

ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக இருக்கும் வண்டியில்தான் ஷாக்கை வீட்டிலேயே மாற்றலாம். ஸ்பிரிங் ஷாக்கைச் சுற்றி இருந்தால் அதைப் பட்டறைக்கு விட்டுவிடுங்கள், அழுத்தத்தில் இருக்கும் ஸ்பிரிங் ஆளையே கொல்லும்.

முந்தின நாளே போல்ட்களில் துரு இளக்கும் ஆயில் அடித்து வையுங்கள். மறுநாள் சமதரையில் நிறுத்தி, வண்டி தரையில் நிற்கும்போதே சக்கர மையத்திலிருந்து மேல் வளைவு வரை உள்ள உயரத்தை அளந்து குறியுங்கள், பின்னால் தேவைப்படும். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தைத் தூக்கி, உற்பத்தியாளர் சொன்ன இடங்களில் ஸ்டாண்ட் கொடுங்கள். ஆக்சிலுக்கு அடியில் இன்னொரு ஜாக்கி கட்டாயம். பல வண்டிகளில் ஆக்சில் ஓர் அளவைத் தாண்டிக் கீழே இறங்காமல் பிடித்திருப்பதே ஷாக்தான். தாங்கல் இல்லாமல் போல்ட்டை உருவினால் ஆக்சில் விழுந்து பிரேக் ஹோஸையும் ஏபிஎஸ் வயரையும் இழுத்துவிடும், ஸ்பிரிங்கும் நழுவும். ஒரு பக்கம் முடித்துவிட்டு மறுபக்கம் போங்கள். அடிப் போல்ட் இறுகி வராவிட்டால் சுத்தியலை எடுக்கும் முன் ஜாக்கியைச் சற்றே ஏற்றி இறக்கிப் பாருங்கள், பாரம் விலகியதும் உருவிக்கொண்டு வரும்.

எக்செல்-ஜி கிடத்தி வைக்கப்பட்டிருந்தால் உள்குழாயில் வாயு புகுந்திருக்கும். மாட்டும் முன் தண்டு மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து, முழுதாக நான்கைந்து முறை அழுத்தி நீட்டுங்கள். நடுவில் வெற்றிடமாய்த் தொளதொளக்காமல் ஒரே சீராக எதிர்த்தால் தயார். மேல் நட்டை இறுக்கும்போது தண்டு சேர்ந்து சுற்றும். தண்டின் நுனியில் உள்ள பிடிப்பில் ஸ்பேனரோ ஆலன் கீயோ போட்டு நிறுத்த வேண்டும். பளபளக்கும் தண்டைக் கட்டிங் பிளேயரால் பிடித்தால் குரோமில் கீறல் விழும், அந்தக் கீறல் ஒவ்வோர் ஏற்ற இறக்கத்திலும் சீலை அறுக்கும். “புது ஷாக் சீக்கிரமே கசிகிறது” என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம். காற்றழுத்தத்தில் நட்டை முடுக்கும் நியூமேட்டிக் கன்னும் வேண்டாம். மேலே ரப்பரும் அதன்மேல் உலோக வாஷரும் உள்ள வகையில், உலோக வாஷரின் விளிம்பளவுக்கு ரப்பர் பிதுங்கினால் போதும். அதற்கு மேல் இறுக்கினால் நசுங்கி, சில மாதத்தில் டொக் டொக் என்று சத்தம் வரும்.

எல்லாவற்றையும்விட அதிகம் தவறுவது அடிப் புஷ்ஷில். புஷ்ஷின் ரப்பர் உள்வளையத்தோடும் வெளிவளையத்தோடும் ஒட்டியிருக்கிறது. போல்ட் இறுகியதும் உள்வளையம் அசையாது, அதன்பின் ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு வேலை செய்யும். சக்கரம் தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால், வண்டி தரைக்கு வந்த நொடியிலிருந்தே ரப்பர் முறுகிய நிலையிலேயே இருக்கும், சீக்கிரம் கிழியும். ஆகவே போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, முதலில் குறித்த உயரம் வரும்வரை ஜாக்கியால் ஆக்சிலைத் தூக்கி, அங்கே டார்க் ரென்ச்சால் (இறுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். எத்தனை நியூட்டன் மீட்டர் என்பதற்கு உங்கள் வண்டியின் சர்வீஸ் கையேடு ஒன்றே கணக்கு. புஷ்ஷுக்குச் சாதாரண கிரீஸ் தடவாதீர்கள், ரப்பர் ஊதிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும்.

ஷாக் மட்டும் மாற்றினால் பொதுவாக வீல் அலைன்மென்ட் தேவைப்படாது. சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம்களின் போல்ட்களைத் தளர்த்தியிருந்தால் செய்துவிடுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் எல்லா போல்ட்டையும் மீண்டும் சோதியுங்கள். கழற்றிய பழைய ஷாக்கில் வாயு அழுத்தம் இன்னும் இருக்கும், அதை அறுப்பதோ சூடு காட்டுவதோ கூடாது. ஆயிலோடு சேர்த்துப் பழைய வாகனப் பாகங்கள் எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.