பவர் குவெரி: எம்.ஐ.எஸ். மேசைக்கு உதவுமா?

'அட்மின்' என்றால் தாள் அடுக்குபவர், 'அனலிஸ்ட்' என்றால் யோசிப்பவர் என்ற பார்வை பல அலுவலகங்களில் இருக்கிறது. இது நியாயமில்லை. பத்துக் கிளைகளின் வருகைப் பதிவைச் சேர்த்துச் சரிபார்க்கும் எம்.ஐ.எஸ். (மேலாண்மைத் தகவல் அறிக்கை) ஊழியர் செய்வதில் பாதி அனலிஸ்ட் வேலைதான். வெட்டி ஒட்டுவதிலேயே நாள் போய்விடுவதால் அது யார் கண்ணிலும் படுவதில்லை. அந்த நேரத்தை மீட்டுத் தருகிறது, எக்செல்லுக்குள் தரவைச் சேர்த்துச் சீராக்கும் கருவியான பவர் குவெரி.

எக்செல் 2016 முதல் 'டேட்டா' தாவலிலேயே இருக்கிறது. கெட் டேட்டா, ஃப்ரம் ஃபைல், ஃப்ரம் ஃபோல்டர் என்று போய், கிளைகளின் கோப்புகள் இருக்கும் கோப்புறையைக் காட்டி 'கம்பைன்' கொடுத்தால் எல்லாம் ஒரே அட்டவணை. அடுத்த மாதம் புதுக் கோப்பை அதே கோப்புறையில் போட்டு 'ரிஃப்ரெஷ்' அழுத்தினால் போதும்.

தலைப்புகளில்தான் கவனம் வேண்டும். சேர்க்கும்போது மாதிரியாக எடுக்கப்படும் கோப்பில் 'பெயர்' என்றிருக்க, ஒரு கிளை மட்டும் 'ஊழியர் பெயர்' என்று அனுப்பினால் பிழை காட்டாது. அந்தக் கிளையின் பெயர்கள் மட்டும் சத்தமில்லாமல் 'நல்' (null, அதாவது வெற்று மதிப்பு) ஆகிவிடும். சேர்த்ததும் அந்தப் பத்தியில் 'நல்' வடிகட்டிப் பாருங்கள். தேதியும் அப்படித்தான்: கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தால் 03/04 மார்ச் 4 ஆகும், 13/04 பிழையாகும். பத்தியின் தரவு வகையை மாற்றத் தானாக வரும் 'சேஞ்ச்ட் டைப்' படியை நீக்கிவிட்டு, தேதிப் பத்தியின் 'சேஞ்ச் டைப்' பட்டியலில் உள்ள 'யூஸிங் லொகேல்' வழியாக இந்திய ஆங்கிலத்தைத் தேர்ந்தெடுங்கள்.

பவர் குவெரி சாளரத்தின் வலப்பக்கம் 'அப்ளைடு ஸ்டெப்ஸ்' பட்டியலில் ஒவ்வொரு முடிவும் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு படிக்கும் பெயர் மாற்றி வையுங்கள். அப்ரைசலில் மேலாளரிடம் திறந்து காட்ட அதுவே போதும்.