மோட்டார்ஹோம் ஏசிக்கான சாஃப்ட் ஸ்டார்ட்டர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கூரை ஏசியின் கம்ப்ரசர் ஓடத் தொடங்கும் நொடியில் ஜெனரேட்டர் திணறி நின்றுபோவதும், பிரேக்கர் விழுவதும், தங்கும் வசதியோடு கூடிய வண்டியான மோட்டார்ஹோம் வைத்திருப்பவர்களுக்குப் பழகிப்போன தொல்லைகள். இதற்குத் தீர்வாக விற்கப்படும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் ஒன்றை 13,500 பிடியூ (குளிர்விக்கும் திறனின் அளவு) திறனுள்ள என் ஏசியில் பொருத்திக் கோடை முழுவதும் ஓட்டிப் பார்த்துவிட்டேன். தனக்குரிய வேலையை அது குறையில்லாமல் செய்கிறது. ஆனால் அந்த வேலை எது என்பதை அறியாமல், பழுதான ஏசிக்கு மருந்தாக இதை வாங்குபவர்களே அதிகம்.

நின்றிருக்கும் கம்ப்ரசர் மோட்டார் சுழலத் தொடங்கும்போது, சீராக ஓடுகையில் எடுப்பதைப்போல் நான்கைந்து மடங்கு மின்னோட்டத்தை ஒரு கணம் இழுக்கிறது. சாஃப்ட் ஸ்டார்ட்டர் மின்சாரத்தைப் படிப்படியாக ஏற்றிக் கொடுப்பதால் அந்த முதல் இழுப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடுகிறது; இதை, ஒயரைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்து நானே அளந்து உறுதிசெய்துகொண்டேன். முன்பு இந்த ஏசியைத் தொடங்கவே முடியாத சிறிய ஜெனரேட்டர் இப்போது லேசாக முனகிவிட்டு அதை ஓட்டுகிறது. எனினும், ஓடும்போது ஆகும் மின்சாரம் இதனால் குறையப்போவதில்லை. ஏசி ஓடிக்கொண்டிருக்கையில் மைக்ரோவேவையும் போட்டால் ஜெனரேட்டர் முன்போலவே கைவிரித்துவிடும். மலைப்பகுதிகளில் உயரம் கூடக்கூட ஜெனரேட்டரின் திறனே குறைவதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

ஆகவே வாங்குவதற்கு முன், பிரேக்கர் எப்போது விழுகிறது என்பதைக் கவனியுங்கள். கம்ப்ரசர் தொடங்கும் அதே கணத்தில் விழுந்தால்தான் இந்தக் கருவிக்கு வேலை. பத்து நிமிடம் ஓடிய பிறகு விழுந்தால் கோளாறு வேறிடத்தில் இருக்கிறது. வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சர் காயிலில் தூசி அடைத்திருக்கலாம். அல்லது மெலிந்த, நீளமான எக்ஸ்டென்ஷன் ஒயரில் வோல்டேஜ் இறங்கியிருக்கலாம். வோல்டேஜை ஏசி ஓடும்போது, வண்டிக்குள் இருக்கும் பிளக்கிலேயே அளக்க வேண்டும். எதுவும் ஓடாத நேரத்தில், வெளி மின்இணைப்பு தரும் கம்பத்தில் அளந்தால் எல்லாம் நன்றாக இருப்பதாகவே மீட்டர் காட்டும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, மோட்டார் தொடங்கவும் ஓடவும் துணைசெய்யும் கெப்பாசிட்டரைத்தான். என் ஏசியின் மேல்மூடியைக் கழற்றியபோது, தட்டையாக இருக்க வேண்டிய கெப்பாசிட்டரின் தலை சற்றே உப்பியிருந்தது. 40 மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் அளவு) என்று எழுதியிருந்த அது, அளந்தபோது 31 மட்டுமே காட்டியது. இவ்வளவு தளர்ந்துபோன கெப்பாசிட்டரோடு மோட்டார் உறுமிக்கொண்டே நிற்பது இயல்பு. அந்த நிலையில் சாஃப்ட் ஸ்டார்ட்டரைப் பொருத்தியிருந்தால், மலிவான ஒரு பாகத்தின் பழுதுக்கு விலையுயர்ந்த கருவியை வாங்கியது போலாகியிருக்கும். முதலில் அதை மாற்றிவிட்டுத்தான் இதைப் பொருத்தினேன். மின் இணைப்பை முழுவதும் துண்டித்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதால், அதை முறையாக வெளியேற்றாமல் கை வைக்கக் கூடாது.

குளிர்ச்சி போதவில்லை என்பதற்காக சாஃப்ட் ஸ்டார்ட்டரை வாங்கவே வேண்டாம். உள்ளே இழுக்கப்படும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் இடையே ஏறத்தாழ 9 முதல் 12 டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருந்தால், ஏசி தன் கடமையைச் செய்கிறது என்றே கொள்ளலாம். வேறுபாடு குறைவாக இருந்தால் ஃபில்டரைப் பாருங்கள். பிறகு கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவிலுள்ள இடைவெளியில், குளிர்ந்த காற்று கசிந்து நேரே இழுப்புப் பக்கத்துக்கே திரும்புகிறதா என்று பாருங்கள். ஃபாயில் டேப்பால் அந்த இடுக்குகளை அடைத்தாலே பல ஏசிகள் தேறிவிடுகின்றன. கூரை ஏசிகள் பெரும்பாலும் ஆலையிலேயே முழுவதும் மூடி அனுப்பப்படுபவை. கேஸ் நிரப்பும் வால்வே இல்லாத அவற்றுக்கு, கூரை மீது ஏறிக்கூடப் பார்க்காமல் ‘கேஸ் போயிருக்கும்’ என்று தீர்ப்புச் சொல்லும் மெக்கானிக்குகளை நான் நம்புவதில்லை.

பொருத்துவது கடினமல்ல, நான்கு ஒயர்களை இணைத்தால் போதும். ஆனால் ஏசியில் ஏற்கெனவே ஸ்டார்ட் கெப்பாசிட்டரும் (தொடக்கத்துக்கு மட்டும் உதவும் தனிக் கெப்பாசிட்டர்; நான் மாற்றியது அல்ல) அதை இணைத்துத் துண்டிக்கும் ரிலேயும் இருந்தால் அவற்றைக் கழற்றிவிட வேண்டும் என்பதைக் கையேடு ஓரத்தில் பொடி எழுத்தில் சொல்லி நகர்ந்துவிடுகிறது. நிறுத்திய உடனே மீண்டும் போட்டால் கம்ப்ரசர் சில நிமிடங்கள் காத்திருந்தே தொடங்குவதையும் கோளாறு என்று எண்ண வேண்டாம். உள்ளிருக்கும் அழுத்தம் சமனாவதற்கான இடைவெளி அது.

வெளி மின்இணைப்பு வசதியுள்ள இடங்களில் மட்டுமே தங்குபவர்களுக்கு இந்தச் செலவு பெரும்பாலும் தேவைப்படாது. ஜெனரேட்டரையோ இன்வெர்ட்டரையோ நம்பிப் பயணிப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். வாங்குபவர்கள், பழுதைக் கைபேசியிலேயே பார்க்க உதவும் புளூடூத் உள்ள வகையையே கேளுங்கள். என்னிடம் உள்ளது பழுதைச் சிறு விளக்கின் மினுக்கலால் மட்டுமே காட்டும் வகை. அந்த விளக்கோ மேல்மூடிக்குள் இருப்பதால், ஒவ்வொரு முறையும் ஏணி வைத்துக் கூரையேறி மூடியைக் கழற்ற வேண்டியிருக்கிறது.