தண்டையார்பேட்டையில் ‘சூடு’ போடச் சொல்லித்தரும் லினக்ஸ் வகுப்பு

தண்டையார்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தே போய்விடலாம். ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடி. எட்டு ஞாயிற்றுக்கிழமை, நாளுக்கு மூன்று மணி நேரம், 4,500 ரூபாய். சர்வர்களை ஓட்டும் இயங்குதளமான லினக்ஸ்தான் பாடம். அதில் புதுசாக ஒன்றுமில்லை: யூசர் பர்மிஷன், டிஸ்க், கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டுவது), பேக்கப். யூட்யூபில் சும்மா கிடைப்பதுதான்.

கொடுத்த காசு கடைசி ஒரு மணி நேரத்துக்கு. இரண்டு பேரை முதுகோடு முதுகாக உட்கார வைத்து, ஒருவர் கையில் தாளும் மற்றவர் முன்னால் கீபோர்டும் கொடுக்கிறார்கள். தாளில் உள்ள கமாண்டை ஒருவர் வாயால் சொல்ல வேண்டும், மற்றவர் அடிக்க வேண்டும். சர்வர் சப்போர்ட்டில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு ராத்திரி இரண்டு மணி பிரிட்ஜ் காலில் (கோளாறைச் சரிசெய்யப் பலர் சேர்ந்து பேசும் போன் காலில்) நடப்பது அச்சு அசல் இதுதான். வேறு வகுப்புகளில் யாரும் இதைத் தொடுவதே இல்லை.

முதல் வாரம் சூடோ (sudo), அதாவது அட்மின் அதிகாரத்தோடு ஒரு வேலையை ஓட்டுவது. 1980 வாக்கில் அமெரிக்காவில் பஃபலோ பல்கலைக்கழகத்தில் எழுதிய கமாண்ட். வேறு யூசராக மாறும் ‘சூ’ கமாண்டோடு ‘டூ’ சேர்ந்த பெயர், ஆகவே ‘சூடூ’தான் பிறந்த உச்சரிப்பு. நம்ம ஊர் வாயில் அது சூடாகி, “மச்சி, சூடு போட்டு ரன் பண்ணு” என்று வகுப்பே சிரிக்கிறது. சூடோ என்றாலும் குற்றமில்லை. எப்படிச் சொன்னாலும் கேட்பவர் அதே நாலு எழுத்தைத்தான் அடிக்கப் போகிறார்.

தகராறு, சொல்வது ஒன்றும் எழுத்து வேறுமாக இருக்கிற இடங்களில். டிஸ்கைக் கழற்ற “அன்மவுண்ட்” என்று சொன்னால், எதிராளி யு-வுக்குப் பிறகு ஒரு என் போடுவார். கமாண்டில் அந்த என் கிடையாது (umount). “பாஸ்வேர்ட்” கமாண்டில் ஓ-வும் ஆர்-உம் இல்லை (passwd). டிஸ்கில் கோளாறு பார்க்கும் “எஃப்எஸ் செக்” என்பதற்கு முடிவில் சி, கே மட்டும் (fsck). வெப் சர்வர் மென்பொருளான “என்ஜின் எக்ஸ்” தொடங்குவது ஈ-யில் அல்ல, என்-இல் (nginx). இதெல்லாம் எரர் காட்டி நின்றுவிடும், உயிர்ச்சேதம் இல்லை.

நிற்காதவை வேறு. கிரான்டேப் மைனஸ் ஈ என்றால் கிரான் வேலைகளின் அட்டவணையைத் திருத்தலாம். கீபோர்டில் ஈ-க்குப் பக்கத்துக் கட்டையான ஆர் விழுந்தால், ஒரு கேள்விகூடக் கேட்காமல் மொத்த அட்டவணையும் போய்விடும். போனில் பி, டி எல்லாமே ஈ-காரமாகத்தான் காதில் விழும். டிஸ்க் பெயரின் கடைசி எழுத்து பி-யா டி-யா என்று மயங்கி, டிஸ்கை ஃபார்மட் செய்யும் எம்கேஎஃப்எஸ் ஓட்டினால் பேக்கப்பைத் தேடி ஓட வேண்டியதுதான். அதனால் ‘பாம்பே பி’, ‘டெல்லி டி’ என்றே சொல்லப் பழக்குகிறார்கள். நாம் ‘இசட்’ என்பதை அமெரிக்கர் ‘ஸீ’ என்பார், லைன் மோசமாக இருந்தால் அது ஜி ஆகிவிடும். ஃபைல்களை ஒரே கட்டாகக் கட்டும் டார் கமாண்டில் இரண்டுக்கும் வேறு வேலை.

இடைவெளியையும் வாய்விட்டு “ஸ்பேஸ்” என்று சொல்ல வேண்டும் என்பது இங்கே கண்டிப்பு. நியாயமான கண்டிப்பு. அழிக்கும் கமாண்டான ஆர்எம் மைனஸ் ஆர்எஃப் போட்டு ஸ்லாஷ் வார் ஸ்லாஷ் லாக் (/var/log) என்னும்போது, சொல்பவர் இரண்டாவது ஸ்லாஷுக்குப் பிறகு மூச்சு வாங்கி, கேட்பவர் அதை ஸ்பேஸ் என்று எடுத்துக்கொண்டால், லாக் மட்டுமல்ல, வார் டைரக்டரியே காலி. எண்டர் தட்டுமுன் அடித்ததை எழுத்தெழுத்தாகத் திருப்பிப் படிக்காதவருக்கு அன்றைக்கு மார்க் கிடையாது.

உச்சரிப்பில் சரி தப்பு பார்ப்பது மட்டும் கொஞ்சம் ஓவர். விஐ எடிட்டரை ‘வை’ என்று சொல்லித்தருகிறார்கள். வி, ஐ என்று இரண்டெழுத்தாகச் சொல்வதே பழைய வழக்கம். டேட்டாபேஸ் மென்பொருளான MySQL-ஐ ‘மை சீக்வல்’ என்றால் மார்க் குறைக்கிறார்கள். அந்த மென்பொருளின் கையேடே ‘மை எஸ்க்யூஎல்’ அதிகாரபூர்வம், ‘மை சீக்வல்’ என்றாலும் பரவாயில்லை என்கிறது. கையேடு விட்டுக்கொடுத்ததை இவர்கள் ஏன் பிடித்துத் தொங்க வேண்டும்?

பெரிய குறை, கையில் கொடுக்கிற நோட்ஸ். கமாண்டுகளைத் தமிழ் எழுத்தில் அச்சடித்திருக்கிறார்கள். நல்லெண்ணம்தான், ஆனால் டிஸ்க் பெயரை ‘எஸ்டிபி’ என்று எழுதினால் கடைசி எழுத்து பாம்பேயா பாரிஸா? ‘எஸ்டிடி’ என்றால் டெல்லியா டோக்கியோவா? வாயால் சொல்லும்போது இருக்கிற வித்தியாசம்கூட நம் எழுத்தில் நிற்காது. விளக்கம் தமிழில் இருக்கட்டும், கமாண்டை ஆங்கில எழுத்தில் பக்கத்திலேயே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.

ஹெட்செட் சொந்தமாகக் கொண்டு போவது நல்லது. அங்கே இருக்கிற ஆறில் இரண்டுக்கு மைக் வேலை செய்யவில்லை.