மயோனைஸ் டப்பா, இலை பாக்கெட், வீட்டுக் கோசுமல்லி: எதில் என்ன சேர்கிறது?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் சூப்பர் மார்க்கெட் சாலட் என்றாலே 'எல்லாம் கெமிக்கல்' என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் பாலக்காட்டிலோ கோவையிலோ குளிர்பெட்டியில் இருக்கும் இலை பாக்கெட்டும் மயோனைஸ் சாலட் டப்பாவும் ஒன்றல்ல.

வெட்டிய இலை பாக்கெட்டில் சேர்பொருள் அநேகமாக எதுவும் இருக்காது. செய்முறைதான் அதிகம். குளோரின் கலந்த குளிர்நீரில் கழுவி, நீரை வடித்து, ஆக்சிஜனைக் குறைத்து நைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் அடைப்பது வழக்கம். இலை பழுப்பாவது தள்ளிப்போகும். கழுவியது லேபிளில் பொதுவாக வராது. அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது குளிர் விட்டுப்போவதுதான். கழுவினாலும் கிருமி முழுதாகப் போகாது. லிஸ்டீரியா என்ற நோய்க்கிருமி ஃபிரிட்ஜுக்குள்ளும் வளரும். 5 டிகிரிக்குள் இருக்கவேண்டிய பாக்கெட்டை வாளையார் வழியாக மத்தியான வெயிலில் பஸ்ஸில் கொண்டுவந்தால் அச்சிட்ட தேதியை நம்ப முடியாது.

மயோனைஸில் பிரட்டிய முட்டைக்கோஸ் டப்பாவில்தான் சேர்பொருள்களைக் குறிக்கும் எண்கள் லேபிளில் வரிசையாக நிற்கும். 415 சாந்தன் கம், மயோனைஸில் எண்ணெயும் நீரும் பிரியாமல் பிடிக்கிறது. 202 (பொட்டாசியம் சார்பேட்), 211 (சோடியம் பென்சோயேட்) பூஞ்சையையும் ஈஸ்ட்டையும் தடுக்கின்றன. 385 (கால்சியம் டைசோடியம் இ.டி.டி.ஏ.) எண்ணெய் சிக்கடிக்காமல் காக்கிறது. அனுமதித்த அளவுக்குள் இருக்கும்வரை இவற்றுக்கு நான் பயப்படவில்லை. உள்ளே இருக்கும் பொருள்களையெல்லாம் லேபிளில் எடை அதிகமானதிலிருந்து எழுதுவார்கள். எண்ணெயும் சர்க்கரையும் முன்னால் வந்தால் அதைத்தான் யோசிக்கவேண்டும். பச்சை முட்டை மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியில் தடை செய்தது. தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை விதித்தது. கடையில் அடித்துத் திறந்து வைத்த மயோனைஸைவிட, பாஸ்டுரைஸ் செய்த (சூடாக்கிக் கிருமியைக் கொன்ற) முட்டையில் செய்த ஆலை டப்பா எவ்வளவோ மேல். இதை எங்கள் ஊர்க்காரர்களிடம் அழுத்திச் சொல்வேன்.

அப்புறம் கோசுமல்லி. ஊறிய பாசிப்பருப்பு, வெள்ளரி, தேங்காய், கடுகு தாளிப்பு. பிழியும் எலுமிச்சையில் இருப்பதும் சிட்ரிக் அமிலமும் வைட்டமின் சியும்தான். லேபிளில் அவையே 330, 300. உப்பு போட்டதும் நீர் விடும், அதனால் அப்போதைக்கு அப்போது செய்து சாப்பிடவேண்டியது. மீன், கறி வெட்டும் பலகையில் மட்டும் வெள்ளரியை நறுக்காதீர்கள்.

எனக்கு முதலில் கோசுமல்லி, அடுத்து இலை பாக்கெட், விருந்து நாளில் டப்பா. கோவையில் பாக்கெட் வாங்கினால் கடைசியில் எடுங்கள், ஐஸ் பையில் வையுங்கள். அடியில் நீர் தேங்கி இலை கொழகொழத்திருந்தால் எடுக்கவே வேண்டாம்.